9 சதவீதம் கட்டியாச்சு, பட்டா எங்கே? குமரி மாவட்டப் பட்டா மாற்றச் சேவை, ஒரு மதிப்பீடு

கன்னியாகுமரி மாவட்டத்தில் 5 சென்ட் வீட்டுமனை வாங்குகிற ஒருவர் அரசிடம் இரண்டு சேவைகளுக்குப் போய் நிற்க வேண்டும். ஒன்று பத்திரப் பதிவு, இன்னொன்று பட்டா மாற்றம். முன்னது அரசுக்குப் பணம் வரும் வாசல், பின்னது வருவாய்த் துறைக் கணக்கில் நிலம் நம் பெயருக்கு ஏறும் வாசல். முன்னதற்கு ஐந்துக்கு நாலு மார்க் தாராளமாகப் போடலாம். பின்னதற்கு ஒன்றரைக்கு மேல் போட மனசு வரவில்லை. ஏன் என்பதைத்தான் இங்கே விலாவாரியாகப் பார்க்கப் போகிறோம். மனை வாங்கும் யோசனையில் இருப்பவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால் கொஞ்சம் அலைச்சல் மிச்சமாகும்.

முதலில் விலை. கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 5 சதவீதம், உள்ளாட்சிகளுக்குப் போகும் கூடுதல் தீர்வை 2 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக மொத்தம் 9. பதிவுக் கட்டணம் 2017 முதல் 4 சதவீதமாக இருந்தது. 2023இல் அதை 2 ஆகக் குறைத்த கையோடு, தீர்வை கணக்கிட அரசு நிர்ணயிக்கும் நில மதிப்பான வழிகாட்டி மதிப்பை உயர்த்திவிட்டார்கள். ஒரு கையில் கொடுத்து மறு கையில் வாங்கியாயிற்று. 10 லட்ச ரூபாய் மனை என்றால் 90,000 ரூபாய் அரசுக்கு. 10 லட்சத்துக்கு உட்பட்ட சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் 1 முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் தள்ளுபடி. அதாவது 10,000 ரூபாய் மிச்சம். வீட்டுப் பெண்கள் பெயரில் வாங்க யோசிப்பவர்கள் இதை விட்டுவிடக் கூடாது. குடும்பத்துக்குள் செட்டில்மெண்ட் எழுதினால் கணக்கே வேறு: முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய், பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000. இந்த உச்சவரம்புகள் 2023 ஜூலை வரை 25,000, 4,000 என்று இருந்தவை.

பதிவு அலுவலகத்தின் வேலையைக் குறை சொல்ல அதிகம் இல்லை. டோக்கன் ஆன்லைனில், பணம் ஆன்லைனில், வில்லங்கச் சான்று ஆன்லைனில். இடத்தின் போட்டோ எடுத்து இணைக்க வேண்டும். கைரேகை, கண் கருவிழி எல்லாம் முடிந்து, சர்வர் படுக்காமல் இருந்தால் ஒரு முற்பகலில் வேலை முடிந்துவிடும். நீங்கள் காட்டிய மதிப்பு குறைவு என்று சார்பதிவாளருக்குத் தோன்றினால் இந்திய முத்திரைச் சட்டத்தின் 47அ பிரிவில் மதிப்பை நிர்ணயிக்க மேலே அனுப்பிவிடுவார். அந்த வழிக்குத் தடையே இருக்காது, சரசரவென்று போகும். பணம் குறைகிறதா என்று பார்ப்பதில் அரசு காட்டும் இந்தக் கவனத்தை ஒரு நிமிடம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பட்டா பக்கம் வரும்போது ஒப்பிடத் தேவைப்படும்.

பட்டாவுக்கு இரண்டு வழி இருக்கிறது. உட்பிரிவு, அதாவது ஒரு சர்வே எண்ணிலிருந்து ஒரு பகுதியைத் தனி எண்ணாகப் பிரிப்பது, தேவைப்படாத மாற்றம் ஒன்று, உட்பிரிவு செய்ய வேண்டிய மாற்றம் இன்னொன்று. குடிமக்கள் சாசனத்தின்படி முதலாவதுக்கு 15 நாள், இரண்டாவதுக்கு 30 நாள். விற்பவர் பெயரில் தனிப்பட்டா இருந்து, அந்த சர்வே எண்ணின் முழுப் பரப்பையும் நீங்கள் வாங்கினால், பதிவு முடிந்த கையோடு பட்டா தானாகவே உங்கள் பெயருக்கு மாறிவிடும். தாலுகா ஆபீஸ் படியேற வேண்டாம். நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் இது யாருக்குக் கிடைக்கிறது என்று பாருங்கள்.

முழு சர்வே எண்ணையே வாங்க வசதி உள்ளவருக்குத்தான் கிடைக்கிறது. குலசேகரம் பக்கம் மூன்று ஏக்கர் ரப்பர் தோட்டத்தை அப்படியே வாங்குகிறவருக்கு உட்பிரிவு என்ற பேச்சே இல்லை. கருங்கல் பக்கம் 3 சென்ட் வாங்கி ஓட்டுவீடு கட்ட நினைக்கும் கொத்தனாருக்கு அந்த 3 சென்ட்டைப் பெரிய எண்ணிலிருந்து வெட்டி எடுத்தாக வேண்டும். கூட்டுப் பட்டாவில் அரைடஜன் பெயர் இருக்கும். சர்வேயர் வர வேண்டும், வரைபடம் போட வேண்டும், தாசில்தார் கையெழுத்திட வேண்டும். சதவீதம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான், 9. ஆனால் தானாக வரும் பட்டா ஒருவருக்கு, தவம் கிடக்கும் பட்டா இன்னொருவருக்கு. வேண்டுமென்று யாரும் இப்படி வகுத்ததாகச் சொல்லவில்லை. ஆனால் சென்ட் கணக்கில் வாங்கி விற்கும் நம் மாவட்டத்தில் இந்த ஏற்பாடு ஏழை பக்கம்தான் கனமாக விழுகிறது.

குமரிக்கென்றே ஒரு கூடுதல் தொல்லை உண்டு. 1956 நவம்பர் 1ஆம் தேதி தமிழ்நாட்டோடு சேரும் வரை இது முதலில் திருவிதாங்கூரிலும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. பழைய பிரமாணங்கள் (பத்திரங்கள்) பல மலையாளத்தில் இருக்கும். அவற்றில் இருப்பது பழைய சர்வே எண். இன்றைய கணினியில் இருப்பது மறு அளவையில் கொடுத்த ரீசர்வே எண். பத்திரம் எழுதுபவர் முந்தைய பத்திரத்தைப் பார்த்துப் பழைய எண்ணை மட்டும் எழுதிவிட்டாலோ, ரீசர்வே எண்ணில் உட்பிரிவு இலக்கத்தை மாற்றிப் போட்டுவிட்டாலோ பட்டா விண்ணப்பம் அங்கேயே செத்தது. பதிவின்போது யாரும் தடுக்க மாட்டார்கள், பணம் வாங்கிக்கொள்வார்கள். பிறகு பிழைத்திருத்தப் பத்திரம் எழுதி, விற்றவரைத் தேடிப் பிடித்துக் கூட்டி வர வேண்டும். அவர் கல்ஃப் போயிருந்தால் பவர் பத்திரம், தூதரக முத்திரை என்று நீளும்.

ஆகவே அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே செய்ய வேண்டியது இது. eservices என்ற தமிழ்நாடு அரசின் இ-சேவைகள் தளத்தில் மாவட்டம், தாலுகா, கிராமம் தேர்ந்தெடுத்து ரீசர்வே எண்ணைக் கொடுத்து சிட்டாவையும் (யார் பெயரில் எவ்வளவு நிலம் என்ற கணக்கு) அ-பதிவேட்டையும் (ஒவ்வொரு சர்வே எண்ணின் விவரப் பதிவேடு) எடுங்கள். புலப்பட வரைபடமும் அங்கேயே கிடைக்கும். மூன்றும் இலவசம். விற்பவரின் பத்திரத்தில் உள்ள பழைய எண்ணுக்கு எந்த ரீசர்வே எண் என்பதைத் தாலுகா சர்வே பிரிவிலுள்ள ஒப்பீட்டுப் பதிவேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். நாகர்கோவில் மாநகராட்சிக்குள் என்றால் வார்டு, பிளாக், நகர அளவை எண் என்று அதற்குத் தனி வரிசை உண்டு. கிராம எண்ணை அங்கே தேடிப் பயனில்லை. தோவாளை, கல்குளம், விளவங்கோடு பக்கத்து மலையோரக் கிராமங்களில் வாங்குவோர் இன்னொன்றும் விசாரிக்க வேண்டும்: இடம் 1949ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறதா என்று. வந்தால் விற்கவே அனுமதி வேண்டும்.

அடுத்தது பரப்பளவு. நாம் பேசுவது சென்ட். பட்டா பேசுவது ஹெக்டேர், ஏர். 1 சென்ட் 435.6 சதுர அடி, அதாவது 40.47 சதுர மீட்டர். 1 ஏர் 100 சதுர மீட்டர், சென்ட் கணக்கில் 2.47. உங்கள் 5 சென்ட் பட்டாவில் 2.02 ஏர் என்று வர வேண்டும். இதில் நடக்கும் வில்லங்கம் ஒன்றை உதாரணமாகச் சொல்கிறோம். பட்டாவில் 10.00 ஏர் இருக்கும். சொந்தக்காரர் "25 சென்ட்டாக்கும்" என்று சொல்லி ஐந்து பேருக்கு ஐந்தைந்து சென்ட் விற்பார். ஆனால் 10 ஏர் என்பது 24.71 சென்ட்தான். முதல் நாலு பேருக்குப் பட்டா சிக்கலில்லாமல் போகும். ஐந்தாவதாக வருபவருக்குச் சுமார் 126 சதுர அடி குறையும். கணினி கூட்டிப் பார்த்து, மொத்தத்தை மிஞ்சுகிறது என்று ஏற்க மறுக்கும். பத்திரத்தில் 5 சென்ட், தரையில் அளந்தால் 5 சென்ட்கூட இருக்கலாம், பட்டாவில் மட்டும் இடமில்லை. பலரும் சேர்ந்து மனை பிரித்து வாங்கும்போது கடைசி ஆளாக இருக்காதீர்கள். இருந்தே ஆக வேண்டுமென்றால் பத்திரத்தில் சென்ட்டோடு ஏர் அளவையும் எழுதச் சொல்லுங்கள். பொதுவழிக்கு விட்ட 3 அடி, 6 அடி யார் பங்கில் கழிகிறது என்பதும் பத்திரத்தில் தெளிவாக இருக்க வேண்டும். தென்னந்தோப்புக்குள் மனை பிரிக்கும் இடங்களில் பாதி தகராறு இந்த வழிக்காகத்தான்.

உட்பிரிவுக் கட்டணம் கிராமத்தில் 400 ரூபாய், நகராட்சியில் 500, மாநகராட்சியில் 600. ஓர் உட்பிரிவுக்கு இவ்வளவு. இதைப் பதிவின்போதே வாங்கிக்கொண்டு விண்ணப்பத்தை வருவாய்த் துறைக்கு அனுப்பிவிடுகிறார்கள்; செல்போனுக்கு விண்ணப்ப எண் வரும். இது தெரியாமல் மறுபடியும் இ-சேவை மையத்துக்குப் போய் 60 ரூபாய் கட்டி இன்னொரு விண்ணப்பம் போடுகிறவர்கள் உண்டு. ஒரே இடத்துக்கு இரண்டு விண்ணப்பம் நின்றால் ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தள்ளுபடி செய்ய வசதியாகப் போய்விடும். பதிவு செய்த அன்று கொடுத்த செல்போன் எண் உங்களுடையதுதானா, பத்திரம் எழுதியவருடையதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் அவர்கள் தங்கள் எண்ணையே போட்டுவிடுவது சகஜம். பிறகு குறுஞ்செய்தி அவருக்குப் போகும், நிராகரிப்பும் அவருக்கே போகும்.

பட்டா பழையவர் பெயரிலேயே கிடந்து, விற்பவர் வாரிசு என்ற முறையில் விற்றிருந்தால் வாரிசுச் சான்று கேட்பார்கள். அதற்கு இ-சேவை மையம்தான். இந்த மையங்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை. தாலுகா ஆபீஸ்களில் இருப்பவற்றில் கட்டணப் பலகை உண்டு, ரசீது உண்டு, வரிசையும் உண்டு. ஜங்ஷனுக்கு ஜங்ஷன் இருக்கும் தனியார் மையங்களில் வரிசை இல்லை, பேச்சு மரியாதை, வேலை வேகம். ஆனால் 60 ரூபாய் சேவைக்கு 150, 200 என்று கேட்பது சாதாரணம். ஸ்கேன், பிரிண்ட் என்று கணக்குச் சொல்வார்கள். ரசீதில் 60தான் இருக்கும். அந்த வித்தியாசத்தைக் கொடுத்தாலும் பரவாயில்லை என்று ஜனங்கள் நினைப்பதில் தப்பில்லை. 2025-26இல் தமிழ்நாட்டுக்கான 100 நாள் வேலைக் கூலி 336 ரூபாய். முந்திரி ஆலைக்குப் போகும் பெண்ணோ ரப்பர் பால் வெட்டுகிற ஆளோ தாலுகா ஆபீசுக்கு ஒரு நாள் வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம்தான், நாள் இலவசமில்லையே.

ஸ்கேனைக் கண்ணால் பார்த்துவிட்டுச் சமர்ப்பிக்கச் சொல்லுங்கள். பத்திரத்தின் சொத்து விவரப் பக்கம் மங்கலாக ஏறியிருந்தால் "ஆவணம் தெளிவாக இல்லை" என்று ஒரு வரியில் தள்ளிவிடுவார்கள்.

இனி விண்ணப்பம் போகும் பாதை. கிராம நிர்வாக அலுவலர் பார்க்க வேண்டும், பிர்கா (சில கிராமங்கள் சேர்ந்த வருவாய்க் குறுவட்டம்) சர்வேயர் நோட்டீஸ் கொடுத்து இடத்துக்கு வந்து அளக்க வேண்டும், வரைபடம் தாலுகாவில் சரிபார்க்கப்பட வேண்டும், கடைசியில் தாசில்தார் ஒப்புதல். உட்பிரிவு இல்லாதது என்றால் மண்டலத் துணை தாசில்தாரோடு முடிந்துவிடும். பெரும்பாலான விண்ணப்பங்கள் நின்றுபோவது சர்வேயரிடம்தான். ஆளைக் குறை சொல்வதற்கில்லை. ஒரு பிர்காவுக்கு ஒருவர், அவருக்கே அரசு நில ஆக்கிரமிப்பு, நீதிமன்ற அளவை, சாலைக்கு நிலமெடுப்பு என்று எல்லாம் தலையில். மழைக்காலத்தில் சரிவு நிலங்களில் அளவை தள்ளிப்போகும். ஆள் குறைவாக இருப்பது நிர்வாகத்தின் தவறு, அதன் விலை மட்டும் நம் தலையில்.

அளக்க வரும் நாளில் நீங்கள் இருந்தாக வேண்டும். தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் மீனவர் தங்கல் மீன்பிடிக்குப் போனால் வாரக்கணக்கில் கடலில் இருப்பார். அவர் கரையில் இல்லாத நாளில் சர்வேயர் வந்துபோனால் "மனுதாரர் ஆஜராகவில்லை" என்று குறிப்பு விழும். வீட்டில் இருப்பவருக்கு ஒரு எழுத்துமூல அங்கீகாரக் கடிதம் கொடுத்து வைத்துவிட்டுப் போவது நல்லது. எல்லைக்கல் நான்கையும் முன்கூட்டியே ஊன்றி, பக்கத்து இடத்துக்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் அளவை சுமுகமாக முடியும். அன்றைய தினம் யார் கை நீட்டினாலும் கொடுக்க வேண்டியது எதுவும் இல்லை. 400 ரூபாய் ஏற்கெனவே கட்டியாயிற்று. "வண்டிக் கூலி", "சங்கிலி பிடிச்ச பையனுக்கு" என்று வரும் எந்தக் கணக்குக்கும் அரசாணை கிடையாது.

நிராகரிப்பைப் பற்றித்தான் நமக்குப் பெரிய மனவருத்தம். 30 நாள் என்ற கெடுவை எப்படிக் காப்பாற்றுகிறார்கள்? முடித்துக் கொடுத்தாலும் விண்ணப்பம் முடிந்த கணக்கு, நிராகரித்தாலும் முடிந்த கணக்கு. கெடு நெருங்கும்போது "உரிய ஆவணங்கள் இணைக்கப்படவில்லை" என்ற ஒரே வாக்கியத்தோடு வந்து விழும். எந்த ஆவணம், ஏன் உரியதில்லை, ஒன்றும் இருக்காது. அறிக்கையில் நிலுவை பூஜ்யம். வெளியே நிற்பவருக்கு மறுபடி முதல் படி. நிராகரிப்புக்குக் காரணத்தைப் பட்டியலிலிருந்து தேர்வு செய்யாமல், எந்த ஆவணம் குறைகிறது என்று பெயரிட்டு எழுதினால்தான் கோப்பு மூடும் என்று மென்பொருளில் ஒரு கட்டம் வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். பதிவுத் துறையில் ஒரு ரூபாய் குறைந்தாலும் ஏற்காத மென்பொருள் எழுதத் தெரிந்தவர்களுக்கு இது முடியாத காரியமா?

தாமதத்தின் விலை பட்டாவோடு நிற்பதில்லை. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே உடனடி அனுமதி. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் உங்கள் பெயரில் பட்டா இருந்தால்தான். வங்கி வீட்டுக் கடனுக்கும் அதே நிபந்தனை. பட்டா தாமதமாகும் மாதங்களில் நகையை அடகு வைத்து அஸ்திவாரம் போடுகிறார்கள். அந்த வட்டியும் ஒரு வரிதான், எந்த பட்ஜெட்டிலும் வராத வரி.

களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். அங்கே 2012இலேயே சேவை உரிமைச் சட்டம் கொண்டுவந்துவிட்டார்கள். குறித்த நாளுக்குள் சேவை தராத அலுவலருக்கு அபராதம் விதிக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. அங்கே எல்லாம் பால் வழிகிறது என்று சொல்லவில்லை. கேட்க ஒரு பிடி இருக்கிறது, அவ்வளவுதான். தமிழ்நாட்டில் இது பல ஆண்டுகளாகக் கோரிக்கை. நம்மூர்க் குடிமக்கள் சாசனத்தில் 30 நாள் என்று எழுதியிருப்பது வெறும் வாக்குறுதி. நகர்ப்புறங்களில் வீட்டு வரியை நாம் தாமதமாகக் கட்டினால் மாதம் 1 சதவீதம் வட்டி. அவர்கள் தாமதித்தால் ஒரு சதமும் இல்லை.

இருக்கிற வழிகளில் எது வேலை செய்கிறது? முதல்வரின் உதவி மைய எண்ணான 1100இல் புகார் பதிந்தால் அந்தப் புகார் பல நேரம் அதே அலுவலகத்துக்கே திரும்பி வருகிறது. ஆனாலும் ஒரு தேதி பதிவாகும், அதற்காகவாவது செய்து வையுங்கள். திங்கட்கிழமை நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். மனு எண் வாங்காமல் வெளியே வராதீர்கள். ஆண்டுக்கொருமுறை மே, ஜூன் வாக்கில் தாலுகா ஆபீஸ்களில் நடக்கும் ஜமாபந்தி என்ற கிராமக் கணக்குத் தணிக்கைதான் இருப்பதிலேயே உருப்படியானது. கிராமக் கணக்குகள் எல்லாம் மேசையில் இருக்கும், கிராம நிர்வாக அலுவலரும் எதிரிலேயே இருப்பார், "கோப்பு மேலே போயிருக்கு" என்று சொல்ல முடியாது. தோவாளைக்காரர்கள் பூதப்பாண்டிக்கும், கல்குளத்துக்காரர்கள் தக்கலைக்கும், விளவங்கோட்டுக்காரர்கள் குழித்துறைக்கும் போக வேண்டும். உங்கள் கிராமத்துக்கு எந்த நாள் என்ற பட்டியலை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

நிராகரிப்பு உத்தரவு தவறு என்றால் 1983ஆம் ஆண்டின் பட்டா பாஸ்புத்தகச் சட்டத்தின் கீழ் மேல்முறையீடு செய்யலாம். அகஸ்தீஸ்வரம், தோவாளைக்கு நாகர்கோவில் கோட்டாட்சியர்; கல்குளம், விளவங்கோடு, திருவட்டார், கிள்ளியூருக்குப் பத்மநாபபுரம் சார் ஆட்சியர். அதற்கு மேல் மாவட்ட வருவாய் அலுவலர். மேல்முறையீட்டுக்கு உத்தரவின் நகல் தேவை. அது ஆன்லைனில் கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க வேண்டும். 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, தாலுகா அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபால். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. "ஏன் தாமதம்?" என்று கேட்காதீர்கள், காரணம் கேட்டால் அது தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்கள். விண்ணப்பம் எந்தெந்தத் தேதியில் எந்தப் பதவியிலுள்ள அலுவலரின் கணக்கில் இருந்தது, ஒவ்வொருவரும் எழுதிய குறிப்பின் நகல், உங்கள் விண்ணப்பத்துக்குப் பின் அதே பிர்காவில் வந்து முன்பே முடிக்கப்பட்ட உட்பிரிவு விண்ணப்பங்களின் எண்கள். இந்த மூன்றையும் கேளுங்கள். மூன்றாவது கேள்வி போனதும் கோப்பு நகர்வதுண்டு.

பட்டா வந்ததும் பெயர், முதலெழுத்து, தகப்பனார் அல்லது கணவர் பெயர், உட்பிரிவு எண், ஏர் அளவு ஐந்தையும் பத்திரத்தோடு வைத்துப் பாருங்கள். பிழை இருந்தால் உடனே திருத்த மனு கொடுங்கள். அடுத்தவருக்கு உட்பிரிவு ஆன பிறகு என்றால் அவரையும் சேர்த்து இழுக்க வேண்டியிருக்கும். வீடு இருந்தால் வீட்டு வரிப் பெயர் மாற்றத்துக்கு உள்ளாட்சியில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பட்டா மாறியது அவர்களுக்குத் தானாகத் தெரியாது.